சாயாத மஞ்சள்

எங்கள் வீட்டில் மஞ்சளாக ஏதோ தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் அரைமணி நேரத்தில் கீழாநெல்லி வந்துவிடும். தமிழ் பேசுகிற எந்த வீட்டிலும் இதே கதிதான் என்று நினைக்கிறேன். மஞ்சளுக்கும் காமாலைக்கும் எந்தக் காலத்திலோ யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அதை அவிழ்க்க ரத்தப் பரிசோதனையாலும் முடியவில்லை, என் கத்தலாலும் முடியவில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான். காலையில் வேலைக்கு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். வெறும் வெள்ளைத் திரை. அதில் நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே, வெளிறின மஞ்சளில் ஒரு சின்னப் பூச்சு தெரிந்தது. கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம் இருக்கும். இடுப்பு சிறுத்து இரண்டு பக்கமும் விரிந்து, சின்னப் பிள்ளைகளின் சடையில் கட்டுகிற ரிப்பன் மாதிரி இருந்தது. இடுப்புக்கு இருபுறமும் லேசான நீலம். உற்றுப் பார்ப்பதற்குள் மங்கிவிட்டது. தலையைச் சாய்த்தேன், மறுபடி வந்தது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம், "ஏங்க, கண்ணுல என்னமோ மஞ்சளா தெரியுது" என்றேன்.

அவர் எழுந்து வந்தார். திரையைப் பார்க்கவில்லை. என் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மருத்துவம் எங்கே படித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உடனே அடுத்த தெருவில் இருக்கிற தன் அக்காவுக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, போன் போட்டார். சாந்தோமில் எங்கள் சந்துக்கு அந்தப் பக்கம்தான் அவர் வீடு. அவர் வரும்போதே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி எடுத்துக்கொண்டு வந்தார்.

இதில் சிரிக்க நிறைய இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எனக்கு இருப்பது ஒரு கண்.

இடது கண் சில வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, நடுப்பகுதி போனது. அந்தக் கண்ணால் உங்கள் முகத்தைப் பார்த்தால் காது இரண்டும் தெரியும், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை நிற்கும். ஆரம்பத்தில் வரிகள்தான் வளைந்தன. நேராக அச்சடித்த வரி, நடுவில் மட்டும் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துகிறவள், வரி வளைந்தால் எனக்குத் தெரியாதா? கணவரிடம் சொன்னேன். ஒண்ணுமில்லை, வயசாகுதில்ல என்றார். நாத்தனாரிடம் சொன்னேன். ஒண்ணுமில்லை, சூடு என்று சொல்லி விளக்கெண்ணெய் கொடுத்தார். கண்ணாடிக் கடையில் ஒண்ணுமில்லை என்று சொல்லிப் பவரை மாற்றினார்கள். எல்லோரும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்று தாலாட்டியதில் நானும் கொஞ்ச நாள் கண்ணயர்ந்தேன். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது விழித்திரையின் நடுவில் ஓட்டை விழுந்து பெரிதாகியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள், ஓட்டை அடைபட்டது, பார்வை திரும்பவில்லை. முன்னாடியே வந்திருக்கலாமே அம்மா என்று அங்கே ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து ‘ஒண்ணுமில்லை’ என்கிற சொல்லைக் கேட்டால் எனக்குக் காது சிவந்துவிடும்.

ஆக, வலது கண்தான் எனக்கு எல்லாம். தி.நகரில் ஒரு பதிப்பகம் பிளஸ் டூ மாணவர்களுக்குத் துணைநூல்கள் போடுகிறது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நான்தான் மெய்ப்பு. ஒரு புள்ளி விடுபட்டாலும் ஒரு கால் அதிகமானாலும் அந்த வலது கண்தான் பிடிக்க வேண்டும். அதன் நடுவில் மஞ்சளாக ஒன்று வந்து நிற்கிறது என்றால் நான் எதை நினைத்துப் பயந்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. என் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லியும் ஏறவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். காமாலை இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. டெஸ்ட்டில் தெரிவதற்குள் முற்றிவிடும் என்றார் நாத்தனார். பத்தியம் தொடர்ந்தது. உப்பில்லாத மோர்ச்சோறு, எண்ணெய் காட்டாத பீர்க்கங்காய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் கறிக்குழம்பு மணக்கிற வீட்டில் எனக்கு மட்டும் தனி அடுப்பு, தனித் தட்டு. முதல் ஞாயிறு பூசைக்கு முன்பாகவே மாதா கோவில் வளாகத்தில் செய்தி பரவியிருந்தது. பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நிற்கிற அம்மாள் அன்றைக்கு ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்றார். இன்னொருவர் கண்ணுக்கென்று இருக்கிற புனிதைக்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார். குறைந்தபட்சம் அவராவது கண் என்று சொன்னாரே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிடிவாதம் பிடித்து ராயப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கச் சொல்லி, கண்பாப்பா விரிந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். இளம் டாக்டர். நன்றாகத்தான் பார்த்தார், குறை சொல்ல முடியாது. விழித்திரையை ஸ்கேன் எடுத்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. வலது கண் சூப்பரா இருக்கு."

அப்படியென்றால் நான் பார்ப்பது என்ன என்று கேட்டேன். வர்ணித்தேன். மஞ்சள், இடுப்பு, பக்கத்தில் நீலம், தலையைச் சாய்த்தால் வருகிறது, சுவரைப் பார்த்தால் இல்லை, திரையைப் பார்த்தால் மட்டும்தான். அவர் முகத்தில் ஏதோ ஓடியது, உடனே அடங்கியது. ரொம்ப நேரம் திரை முன்னால் உட்காராதீர்கள், அடிக்கடி கண்ணை இமையுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்றார். அதோடு விட்டிருக்கலாம். கணவர் பக்கம் திரும்பி, அவங்க கொஞ்சம் டென்ஷனா இருக்காங்க சார், பார்த்துக்குங்க என்றார். எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், கண் என்னுடையது, டென்ஷனும் என்னுடையது, தகவல் மட்டும் அவருக்கு. கணவரும் நாற்பது வருடம் என்னைச் சுமந்து களைத்தவர் மாதிரி தலையாட்டினார்.

வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தியது. மருந்தின் வேலை. எதிரே வருகிற கார் கண்ணாடி ஒவ்வொன்றும் ஒரு வெல்டிங் பொறி. வரும் வழியில் ராயப்பேட்டையில் ஆட்டோவை நிறுத்தி, கூலிங் கிளாஸ் வாங்கித் தருகிறேன் என்று கணவர் ஒரு கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். பல காலமாக அங்கேயே கடை வைத்திருக்கிற பாய். வீட்டில் உருது, வியாபாரத்தில் மெட்ராஸ் பாஷை. ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து வைத்து, கூடவே ஒரு சாம்பல் நிற அட்டையை நீட்டினார்.

"வெறுங்கண்ணுல பாருங்க, ஒண்ணுமே இல்ல. இப்ப இத்த போட்டுக்கினு பாருங்க மேடம், மீனு கீதா?"

இருந்தது. வெற்று அட்டையில் ஒரு மீன் துள்ளிக்கொண்டு நின்றது. போலரைஸ்டு மேடம் என்றார் பாய், தானே அந்த மீனைப் பிடித்துக்கொண்டு வந்தவர் போன்ற பெருமையோடு. எனக்கு அந்த வார்த்தை புதிதல்ல. அதன் தமிழ் தளவிளைவு. வருடாவருடம் அந்தப் பாடத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஒருமுறை அச்சுக்கோப்பவர் முழுப் பாடத்திலும் ‘தளவிலைவு’ என்று அடித்துத் தள்ளியிருந்தார். ஒவ்வொரு லகரத்தையும் அடித்து ளகரம் போட்டதில் என் விரல் வீங்கிவிட்டது. அவ்வளவு பழக்கமான சொல் ஒரு காரியத்தைச் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் வேலை மிச்சமிருந்தது. கண் கூசியதால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே திரை முன்னால் உட்கார்ந்தேன். இடது கண் போனதிலிருந்து படிக்கும்போது வலது கண்ணை முன்னால் கொடுத்துத் தலையைச் சாய்ப்பது எனக்குப் பழக்கம். சாய்த்தேன். திரை இருண்டது. மங்கவில்லை, முழுசாக இருண்டது. கண் போய்விட்டது என்று நினைத்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் சாமி ஞாபகம் வரவில்லை, கணவர் ஞாபகம் வரவில்லை, அந்த டாக்டரின் சூப்பர்தான் காதில் கேட்டது. பிறகு தானாகத் தலை நிமிர்ந்தது, திரையும் வெளிச்சமானது. மறுபடி சாய்த்தேன், இருட்டு. மறுபக்கம் சாய்த்தேன், முன்னைவிட வெளிச்சம். கண்ணாடியைக் கழற்றினேன், எப்படிச் சாய்த்தாலும் வெளிச்சம்தான்.

அப்போது எதிரே திரையில் திறந்து கிடந்தது எது தெரியுமா, அதே ஒளியியல் பாடம். சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வருகிறது. ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி செய்துவிட்டால் அது தளவிளைவுற்ற ஒளி. அதைக் கண்டுபிடிக்க, அதே வேலையைச் செய்கிற இன்னொரு தகட்டை எதிரே பிடித்துத் திருப்ப வேண்டும். நெட்டுக்கம்பி ஜன்னலில் சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்திப் பிடித்தால் நுழையும், படுக்கவைத்தால் நுழையாது, அவ்வளவுதான் விஷயம். கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே அப்படி ஒரு தகடு இருக்கிறது. அதிலிருந்து வருகிற வெளிச்சம் ஏற்கெனவே ஒரே தளத்தில் நிற்கிறது. என் மூக்கின் மேல் பாயின் கண்ணாடி இன்னொரு தகடு. தலையைச் சாய்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னல் கம்பியைச் சாய்த்திருக்கிறேன்.

சரி, இருட்டுக்குக் காரணம் தெரிந்தது. மஞ்சளுக்கு? கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். மஞ்சள் வந்தது. மெதுவாகத் தலையைச் சாய்த்தேன், இந்தமுறை பயப்படாமல், மெய்ப்புப் பார்க்கிற கண்ணோடு. என் தலை சாய்ந்தது, மஞ்சள் சாயவில்லை. பார்வை போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வந்தது, ஆனால் திரைக்கு எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில் நின்றது. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். அங்கே இருக்கிற சாம்பல் கறை என்னோடு சாய்ந்தது. கண்ணில் இருக்கிற கறையென்றால் சாயத்தானே வேண்டும்? செல்போனில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து போனைத் திருப்பினேன். நான் அசையாமல் இருக்க, மஞ்சள் போனோடு சேர்ந்து திரும்பியது.

என் ரத்தத்திலும் இல்லை, ஈரலிலும் இல்லை, டென்ஷனிலும் இல்லை. வெளிச்சத்தில் இருக்கிறது. வெளிச்சம் எந்தத் தளத்தில் அதிர்கிறது என்று என் கண் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை நினைத்து நான் சந்தோஷப்பட ஆரம்பிப்பதற்குள் திரையில் அடுத்த வரி கண்ணில் பட்டது. ‘தளவிளைவுற்ற ஒளியை மனிதக் கண்ணால் வேறுபடுத்தி அறிய இயலாது.’ எத்தனை வருடமாக இந்த வரிக்கு ஒற்றுச் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். வீட்டில் நம்பவில்லை, ஆஸ்பத்திரியில் நம்பவில்லை, இப்போது நான் திருத்திக் கொடுத்த புத்தகமே என்னை நம்பவில்லை.

அடுத்து வந்த நாட்களில் நான் ஒரு மாதிரியாகத்தான் திரிந்தேன். மயிலாப்பூர் குளத்தின் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் தண்ணீரின் பளபளப்பு அணைந்து, மூழ்கிக் கிடக்கிற படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றி, குத்துவாக்கில் திருப்பிப் பிடித்தால் படிகள் மறைந்து பளபளப்பு திரும்பியது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் படுக்கைவாட்டில் அதிர்கிறது, கண்ணாடி அதை மட்டும் மறித்துவிடுகிறது. கடலும் அப்படியே, மழை நின்ற சாலையும் அப்படியே. பூக்காரி ஒருத்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ள எதனா வுழுந்துட்ச்சாம்மா என்று கேட்டாள். இல்லை, சும்மா பார்க்கிறேன் என்று நகர்ந்தேன். ஒருநாள் மழை பெய்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சூரியன் இறங்குகிற நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய் நேர் உச்சியைப் பார்த்தேன். காற்றில் சிதறி வருகிற நீல வெளிச்சத்துக்கும் ஒரு தளம் உண்டு என்று பாடத்தில் இருக்கிறது. கண்ணாடி இல்லாமல், தகடு இல்லாமல், என் வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். அதே மஞ்சள், ரொம்ப மெலிதாக இருந்தது. ஆனால் இருந்தது.

மறுபடி அந்த டாக்டரிடம் போனேன். கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன். இதெல்லாம் உண்மையா, அல்லது எனக்குத்தான் பைத்தியமா என்று கேட்டேன். அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார்.

"ஓ, அதுவா? ஆமாம்மா, நாங்க படிச்சிருக்கோம், அதுக்கு ஒரு பேர்கூட இருக்கு. விழித்திரை நடுவுல இருக்கற மஞ்சள் நிறமியால வர்றது. கவனிச்சுப் பார்த்தா நிறைய பேருக்குத் தெரியும். அது தெரிஞ்சா நல்லது, நடுப்பகுதி நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

போனதடவை நான் சொன்னபோதே தெரியுமா என்று கேட்டேன். அதுவாக இருக்கும் என்று தோன்றியதாம். ஏன் சொல்லவில்லை என்றால், இதையெல்லாம் விளக்கினால் பேஷன்ட் குழம்பிவிடுவார்களாம். நான் குழம்பிவிடுவேன் என்று நினைத்து, என்னைப் பத்தியச் சோற்றுக்கும் கறுப்புத் திரைக்கும் நடுவில் விட்டுவிட்டார். உங்கள் கண் நன்றாக இருப்பதற்கான அடையாளம்தான் அது என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கு இரவு தூங்கியிருப்பேன். இடது கண்ணில் அது தெரியாததற்கும் இதுதான் காரணமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியானால் இடது கண் கெட ஆரம்பித்தபோது, வரி வளைகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, யாராவது ஒரு வெள்ளைத் திரையைக் காட்டி மஞ்சள் தெரிகிறதா என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்குமோ என்றேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். பிறகு மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார்.

வீட்டில் நடந்தது அதைவிட மோசம். இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னதும் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. நாத்தனாருக்கு அப்படி ஒரு நிம்மதி. அப்பவே சொன்னோமே, ஒண்ணுமில்லைன்னு என்றார்கள் இருவரும், ஏறக்குறைய ஒரே மூச்சில். கீழாநெல்லி அரைத்த கை அது! நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லாதீங்க. இருக்கு. அது இருக்கறதாலதான் நான் வேலை செய்யறேன். அது தெரியாம போற அன்னிக்குத்தான் நான் பயப்படணும்."

நாத்தனார் மோர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். பதிப்பகத்துக்கும் போன் செய்தேன். இயலாது என்கிற வரி தப்பு, பெரும்பாலும் கவனிப்பதில்லை என்றாவது மாற்றுங்கள் என்றேன். மெய்ப்புப் பார்க்கிறவங்க எழுத்தைப் பார்த்தா போதும் மேடம், பசங்க இதை மாத்தி எழுதினா மார்க் போயிடும் என்றார்கள். அந்த வரி இந்த வருடமும் அப்படியே அச்சாகியிருக்கிறது, ஒற்றுப்பிழை இல்லாமல்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்கு முன் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்ப்பேன். மஞ்சள் இருந்தால் வேலை ஆரம்பம். தலையாட்டி பொம்மை உட்கார்ந்தாச்சா என்று கணவர் சமையலறையிலிருந்து கேலி செய்வார். செய்யட்டும். ஊரில் ஒருத்தரும் கேட்காத கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொள்கிறேன், இதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

போன மாதம் ஒரு காலையில் திறந்து பார்த்தேன். மஞ்சள் இல்லை. தலையைச் சாய்த்தேன். இல்லை. கண்ணைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன், இமைத்துப் பார்த்தேன், நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன். வெள்ளை மட்டும்தான் இருந்தது. பால் மாதிரி, பிழையே இல்லாத வெள்ளை. காபியோடு வந்து நின்ற கணவரிடம், "இன்னிக்குத் தெரியலைங்க" என்றேன்.

என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அதற்கு என்ன திருப்பிச் சொல்ல வேண்டும் என்றுகூட வாயில் தயாராக இருந்தது. அவர் காபியை மேசைமேல் வைத்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார், பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு, வா என்றார். வாசலுக்கு இறங்கி, போய்க்கொண்டிருந்த ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.

ஆட்டோ லஸ் முனையைத் தாண்டியது. சிக்னலில் நின்றபோது, என்ன செய்வதென்று தெரியாமல் செல்போனை எடுத்து வெள்ளைப் பக்கத்தைத் திறந்தேன். மஞ்சள் இருந்தது. இடுப்பு, நீலம் எல்லாம். போனைத் திருப்பினேன், கூடவே திரும்பியது. இடது கண்ணை மூடினேன், இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். "இதுல தெரியுது. கம்ப்யூட்டர்லதான் தெரியலை" என்றேன்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் நான் பாட்டுக் குழுவுக்குப் போயிருந்தபோது, என் திரையின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினாராம். கண்ணுக்குப் பாதுகாப்பு என்று கடையில் சொன்னார்களாம். குமிழி இல்லாமல் ஒட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆனதாம். அந்த வகைப் பிளாஸ்டிக் குறுக்கே வந்தால் வெளிச்சத்தின் தளம் கலைந்துபோகும். என் கண்ணைக் காப்பாற்றப் போய் என் கண்ணின் ஒரே சாட்சியை அழித்துவைத்திருக்கிறார். என்னைக் கேட்காமல். கத்துவதற்கு வாயைத் திறந்தேன், அதற்குள் ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா சார், வண்டிய திருப்பிக்கட்டா?"

கணவர் என் பக்கம் திரும்பவில்லை. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவரிடமே சொன்னார்.

"வேணாம்பா, நேரா போ. இருந்தாலும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்."

ஆட்டோ நேராகப் போனது. நான் போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். இந்த வாக்கியத்துக்காக எத்தனை வருடமாகக் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது என் இடது கண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.